சலவைக்கார அக்கா ஏரிக்குப் போன நாள்

மலையேறிவிட்டு விடுதிக்குத் திரும்புகிறவர்களின் காலுறையை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் போதும், அவர்கள் எந்தப் பாதையில் போனார்கள் என்று சலவைக்கார அக்கா சொல்லிவிடுவார். கணுக்காலில் செம்மண் என்றால் அருவிப் பாதை. கறுத்த பிசுபிசுப்பு என்றால் ஊசியிலைக் காட்டுக்குப் பின்னாலிருக்கும் சதுப்பு. பேண்டின் பின்பக்கத்தில் பச்சை இழுவல் இருந்தால் புல்வெளிச் சரிவில் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். அதை உள்ளே மறைத்துச் சுருட்டித்தான் கொடுப்பார்கள்.

"ஜாக்கிரதையா நடந்தேன்னு வாய் சொல்லும் தம்பி. பேண்ட் வேற கதை சொல்லும்" என்பார் அக்கா.

நான் நிலவியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். பட்டத்துக்குச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டி வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் அதன் பக்கத்து நாற்காலியில்தான் உட்காரச் சொல்வேன். ஆனால் இந்த மலையின் மண்ணை நான் படித்தது நான்கு வருடம். அக்கா இருபத்திரண்டு வருடமாக அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். அப்படியிருந்தும் அந்தப் பாதைகளில் ஒன்றில்கூட அவர் நடந்ததில்லை.

அவருடைய சலவை அறை விடுதியின் சமையலறைக்குக் கீழே, பாதி தரைக்குள் இருக்கிறது. இரண்டு இயந்திரங்கள். அதில் ஒன்று பிழியும்போது அறை முழுக்க நடை போடும் என்பதால், அந்த ஆறு நிமிடமும் அக்கா அதன்மேல் ஏறி உட்கார்ந்து தேநீர் குடிப்பார். சுவரின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் பூட்ஸ்தான் தெரியும், மலை தெரியாது.

"கோடையில மலை திறந்திருக்கும், எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. எனக்கு ஓய்வு வந்தா மலையைப் பனி மூடிக்கும். எங்க ரெண்டு பேருக்கும் ஒத்தே வரலை" என்று சிரிப்பார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. உச்சி ஏரிக்குப் போய் வந்தவர்களின் துணியில் மட்டும் இரண்டு முட்டியிலும் சாம்பல் நிற மாவு அப்பியிருக்கும். பெரியவர், சின்னவர், பணக்காரர் என்று வித்தியாசம் கிடையாது. எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று நான் பனிப்பாறை கல்லை அரைத்துத் தூளாக்கும் விதத்தை விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"மாவு எங்கேருந்து வருதுன்னு சொல்லிட்டே. சரி. எல்லாரும் எதுக்கு அங்க போய் மண்டி போடறாங்க? அதைச் சொல்லு, பட்டதாரி."

நான் அங்கே ஒரு தடவைகூட மண்டி போட்டதில்லை. நான் ஏரிக்குப் பதினாறு தடவை போயிருக்கிறேன், எல்லாத் தடவையும் கையில் கடிகாரத்தோடு.

அதுதான் என் வேலை. பாதைகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில், வழிப்பலகைகளில் எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்று குறித்துக் கொடுக்கிறவன் நான். தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போன கால்கள் என்னுடையவை. நடந்து பார்த்தேன், எழுதினேன்: ஏரிக்கு இரண்டரை மணி நேரம். பலகையை நம்பிக் காலை பத்து மணிக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு, அடிவாரத்திலிருந்து ஊர்வரை நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. அந்தக் கோடையில் அப்படி ஒன்பது புகார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டரை மணி நேரம்னு எந்த மலையாடு வந்து சொல்லுச்சு உங்ககிட்ட?"

"நானே நடந்து பார்த்தேன் சார்."

"அதான் கேக்கறேன். சாதாரண மனுஷன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போய் மறுபடி நடங்க. பத்து நாள்ல பனி விழுந்துடும், அதுக்குள்ள பலகை எழுதப் போகணும்."

அன்று மாலை என் மேல்கோட்டைத் துவைக்கக் கொடுக்கப் போனபோது அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் வரேன்" என்றார்.

"அக்கா, கடைசி ஏற்றம் சுவர் மாதிரி நிக்கும்."

"சாதாரண ஆள்தானே வேணும்? என்னைவிடச் சாதாரணமா ஒருத்தி இந்த ஊர்ல கிடைப்பாளா? வயசு ஐம்பத்தொன்னு. இடது முட்டி மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். எழுதிக்கோ."

விடுதி முதலாளியம்மா ஒரே ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார், வியாழக்கிழமை. சனிக்கிழமை முழு விடுதியும் நிரம்புகிறது, அதற்கப்புறம் பனி. அந்த வியாழக்கிழமையை விட்டால் அடுத்த கோடைதான். அடுத்த கோடையில் முட்டி எந்த லட்சணத்தில் இருக்குமோ என்று அக்காவே சொன்னார்.

ஊருக்கும் அடிவாரத்துக்கும் போகிற பேருந்தை ஓட்டுகிறவர் அக்காவின் கணவர்தான். காலை எட்டே காலுக்கு எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டுவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அஞ்சரைக்குக் கடைசி வண்டி. பொண்டாட்டின்னு வண்டி நிக்காது, சொல்லிட்டேன்."

"நின்னா நான்தான் ஏற மாட்டேன். போங்க, போய் ரோட்டைப் பாருங்க."

கிளம்புவதற்கு முன் நான் ஒரு நிபந்தனை போட்டேன். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும், அக்காவுக்கு இறக்கமும் மெதுவாகத்தான் இருக்கும். ஆகவே எங்கே இருந்தாலும் சரி, ஒரு மணி அடித்தால் திரும்பிவிட வேண்டும். அக்கா தலையாட்டினார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒருவர் நடந்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் பழைய பகையாளியைக் கண்டுபிடித்த மாதிரி நடந்தார். முதல் வளைவிலேயே குனிந்து மண்ணை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கினார். "நீதானா அது? உப்பு போட்டு ஊற வெச்சாலும் போக மாட்டியே!" காட்டுக்குள் ஒரு மரத்தில் வழிந்திருந்த பிசினைத் தொட்டு முகர்ந்து, "இதுக்காக எத்தனை சட்டையோட மல்லுக்கு நின்னிருப்பேன் தெரியுமா?" என்றார். மரங்கள் முடிகிற எல்லைக்கு மேலே முழங்கால் உயரப் புதர்கள் பரவிக் கிடந்தன. அவற்றில் ஊதாப் பழங்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இருபத்திரண்டு வருஷமா வெள்ளைச் சட்டையெல்லாம் நாசம் பண்ணினது இந்தக் குட்டிப் பயலா?"

ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். இன்னொன்று. அப்புறம் ஒரு கைப்பிடி.

"என்னக்கா, எப்படியிருக்கு?"

"அவங்க மேல தப்பே இல்லை தம்பி. நானா இருந்தா சட்டை முழுக்கக் கறை பண்ணியிருப்பேன்."

நான் இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிற பாதையில் அதற்குள் நான்கு தடவை உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் நான் கடிகாரத்தை நிறுத்துவேன், "ஓட விடு அதை. சாதாரண ஆளுங்க உட்காராமலா போவாங்க?" என்று அதட்டுவார். ஆறாவது தடவை உட்கார்ந்தபோது பன்னிரண்டேகால். முன்னால் பாறைக்கற்கள் சரிந்து கிடந்த அந்தக் கடைசி ஏற்றம். அக்கா இடது காலை நீட்டி முட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. பேச்சு நின்றுபோயிருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, இதுவே பெரிய விஷயம். இங்கேருந்து அருவியெல்லாம் தெரியுது பாருங்க. திரும்பிடலாமா?"

"மணி என்ன?"

சொன்னேன்.

"இதை ஏற உனக்கு எவ்வளவு ஆகும்?"

"இருபது நிமிஷம்."

"அப்போ எனக்கு நாற்பது. அப்பவும் அஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கு. காலேஜ்ல கணக்கு சொல்லித் தரலையா உனக்கு?"

கையை நீட்டினார், தூக்கிவிட்டேன். பாறைகளில் அவர் நிமிர்ந்து நடக்கவே இல்லை. துணி மூட்டையோடு ஈரப் படியில் ஏறுகிறவர்கள் வைப்பது போலப் பக்கவாட்டில் கால் வைத்தார். ஒரு அடி, அதே இடத்தில் இன்னொரு கால், அப்புறம்தான் அடுத்த அடி. நானும் முன்னே ஓடாமல் அவருக்குப் பின்னாலேயே ஏறினேன். பதினாறு தடவை ஏறிய இடம். பாறை இடுக்குகளில் மஞ்சள் பூக்கள் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு தடவை உட்கார்ந்தோம். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கடைசிப் பாறையின் மேல் அக்காவின் தலை உயர்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

ஏரி கீழே கிடந்தது. சுற்றிலும் பனி முகடுகள், நடுவில் அந்தப் பச்சை கலந்த நீலம். காற்றே இல்லை. அக்கா கரைவரை இறங்கிப் போனார். தண்ணீர் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். அப்புறம் முட்டிவலி இருப்பதையே மறந்தவர் போல, சாம்பல் மணலில் இரண்டு முழங்காலையும் ஊன்றிவிட்டார்.

நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். நின்றபடி பார்த்தால் வானமும் முகடும்தான் தண்ணீரில் தெரியும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் அது விலகி, அடி தெரிகிறது. ஆழத்தில் பரந்து கிடக்கும் வெள்ளைப் பாறைகள், அவற்றின்மேல் அசையும் வெயில் கோடுகள், விரல் அளவு மீன்கள். கிட்டே போகாமல் யாராலும் இருக்க முடியாது.

"இதுக்குத்தானா!" என்றார் அக்கா. கண்ணில் நீர் வந்து, அதே நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அது பிடித்துப்போய் இன்னொரு தடவை சிரித்தார்.

இறங்கும்போது முட்டிக்குத் துண்டைச் சுற்றிக் கட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஐந்து இருபத்தைந்துக்கு அடிவாரம். பேருந்து வந்தது ஐந்து நாற்பதுக்கு. ஓட்டுநர் மாமா எங்களைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார். ஏறியதும் ஒரு பயணிதான் போட்டுக் கொடுத்தார்: பாதை தெரிகிற வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பயணியின் தொலைநோக்கியை வாங்கி, அக்காவின் மஞ்சள் கோட்டு கீழே இறங்குவது தெரிகிறவரை நகரவே இல்லையாம்.

"ரோட்டைத்தானே பார்க்கச் சொன்னேன்?" என்றார் அக்கா.

"அதுவும் ஒரு ரோடுதானே" என்றார் மாமா. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார்: "அங்க என்னதான் இருக்கு? நானும் தினம் கொண்டுவந்து இறக்கிவிடறேன், ஒருநாளும் போனதில்லை."

நான் அறிக்கையில் நான்கு மணி நாற்பது நிமிடம் என்று எழுதி, பலகைக்கு நாலே முக்கால் என்று திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா இஞ்சின் மூடிமேல் கையூன்றி முதல் வளைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மண், பிசின், எந்த இடத்தில் உட்கார்ந்தோம், பக்கத்தில் என்ன பூ, எல்லாம். முன் இருக்கைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து முன்னே வந்து கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

முக்கால் மணி நேரத்தில் ஊர் வந்துவிட்டது. மாமா வண்டியை நிறுத்தினார், இஞ்சினை அணைத்தார், கதவைத் திறந்தார். ஒருவரும் இறங்கவில்லை. கதையில் அக்கா அப்போதுதான் ஊதாப் பழத்தைப் பறித்து வாயில் போட்டிருந்தார். ஏரி இன்னும் வரவில்லை.