நாலு கால் நடை

நான் முதன்முதலில் பார்த்த காட்டுப்பன்றிக்குத் தாடை இல்லை. மலையில், கரியாலூருக்கு மேலே ஒரு மரவள்ளிக் கொல்லையில், மாவுக்குள் சுருட்டி வைத்த நாட்டு வெடியைக் கடித்துவிட்டு இரண்டு நாள் அலைந்து, வரப்போரம் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கொல்லைக்காரர் கடப்பாரையால் மண்டையில் இரண்டு போடு போட்டு முடித்தார். மண்ணின் அதிர்வை அளக்கப் போயிருந்த இயற்பியல் ஆராய்ச்சி மாணவி நான்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பன்றிகள் அந்தக் கொல்லையைப் புரட்டிப் போட்டிருந்த லட்சணத்தைப் பார்த்தால் கடப்பாரையை நானே வாங்கியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

என் கருவி சிறியது. மண்ணில் புதைத்தால், அந்தப் பக்கம் நடக்கும் காலடியின் அதிர்வைக் கேட்கும். அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டு, வருவது இரண்டு காலா நாலு காலா என்று சொல்லும். பன்றியின் நடையைப் பல வாரம் அவர் கொல்லையிலேயே பதிவு செய்தேன். மனிதர்களின் நடைக்கு அவ்வளவு மெனக்கெடவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் கல்லூரி மைதானத்தில் மாணவர்களை ஒவ்வொருவராக நடக்கவிட்டேன், அவ்வளவுதான். அதற்குள் என் வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கம்பெனி ஆசை பிடித்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் மையத்துக்கு முதலீட்டாளர்கள் வரப்போகிறார்கள், சீக்கிரம் ஒரு விவசாயியிடம் வைத்துக் காட்டு என்று அவசரப்படுத்தினார்.

கொல்லைக்காரரிடமே வைத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த இரண்டு திருகுகளைக் காட்டி, பன்றி வந்தால் இங்கே மாட்டியது வேலை செய்யும், லைட் மாட்டலாம், சைரன் மாட்டலாம் என்றேன்.

"மனுசன் வந்தா?"

"ஒண்ணும் ஆவாதுங்க அண்ணா. இதுக்கு வித்தியாசம் தெரியும்."

எப்போதாவது அதன் கணக்கு தப்பும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பெருமை வாயை அடைத்துவிட்டது.

அவர் சைரன் மாட்டவில்லை. மேலே போகும் மின்கம்பியில் கொக்கி போட்டு, கருவி வழியாக, கொல்லையைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே ஓடிய கம்பிவேலிக்குக் கரண்டு கொடுத்திருந்தார். ஒரு வாரத்தில் மூன்று பன்றிகள் விழுந்தன. அவரும் அவர் மனைவியும் அதே கம்பியைத் தனித்தனியாக, காலில் உரசும்படியே தாண்டித் தாண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு பகலிலும் கொக்கியை எடுப்பதில்லை.

மழை பெய்து சரிவு வழுக்கிய ஒரு காலை, மரவள்ளி மூட்டை தலைச்சுமைக்கு அடங்காமல், கம்பில் கட்டி இருவரும் தோளில் தூக்கினார்கள். அப்படித் தூக்குகிறவர்கள் ஒரே காலைச் சேர்ந்து எடுத்து வைக்க மாட்டார்கள், மூட்டை ஆடும். முன்னால் போகிறவர் வலது வைத்தால் பின்னால் வருகிறவர் இடது வைப்பார். மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. மண்ணுக்குள் இருந்த கருவி நாலு காலைக் கேட்டது. பத்துப் பன்னிரண்டு காலடி கேட்டால்தான் அது முடிவு சொல்லும். அதற்குள் முன்னால் போனவர் கம்பியைத் தாண்டிவிட்டார். பின்னால் வெறுங்காலோடு வந்த மனைவியின் காலில் கம்பி உரச, அவள் மேல் கரண்டு பாய்ந்தது.

தகவல் கேட்டு நானும் பேராசிரியரும் போய்ச் சேர்ந்தபோது அவள் கெண்டைக்கால் கருகிக் கிடந்தது. அவள் அண்ணன்மார் இருவரும் கொல்லைக்காரரைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்பி போட்டவன் நீ, தாண்டனவன் நீ. செத்தது மட்டும் எங்க தங்கச்சியாடா? வேணும்னே சுச்சி போட்டுக் கொன்னுட்டியேடா!"

பல் ஒன்று தெறித்துச் சேற்றில் விழுந்தது. போலீஸ் வந்துதான் பிரித்தது. கொலை வழக்கு என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சந்தடியில் பேராசிரியர் கருவியைத் தோண்டி எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன். கருவி எந்த நொடியில் என்ன முடிவு சொன்னது என்று அதன் மெமரி கார்டில் இருக்கும். கொல்லைக்காரர் தன் கையால் சுவிட்சு போடவில்லை என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியர் கார்டை உருவிக் கணினியில் போட்டார்.

"அழிச்சிடலாம்மா. நாம கரண்டு கொடுக்கச் சொல்லலையே. உன் பட்டம் இருக்கு, கம்பெனி இருக்கு."

"அந்த ஆளு ஜெயிலுக்குப் போவார் சார்."

"கம்பி போட்டது அவன்தானே?"

சுட்டியை நகர்த்தினார். மேசையிலிருந்த இரும்புத் தாங்கியை எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். அலறிக்கொண்டு மறு கையால் என் பின்னலைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கார்டைப் பிடுங்கிக்கொண்டு செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

மலை ஸ்டேஷனில் கொல்லைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. கார்டை ஸ்டேஷன் கணினியில் போட்டு, அதில் இருந்ததை இன்ஸ்பெக்டருக்குப் படித்துக் காட்டினேன்: அந்த நேரம், அந்த நொடி, பன்றி. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப இது கொலை இல்ல" என்றார். கொல்லைக்காரர் அவரைப் பார்க்கவேயில்லை.

"அத்தினி நாளு எங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே மேடம். அன்னிக்கு மட்டும் இன்னாத்துக்குப் பன்னின்னு சொல்லுச்சி?"

"ரெண்டு பேரும் கம்பு தூக்கிக்கினு மாத்திக் கால் வச்சிங்க அண்ணா. அது நாலு காலுன்னு நெனச்சிடுச்சி. ஜோடியா நடக்கறத நான் அதுக்குச் சொல்லித் தரல. தப்பு என்னுதுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த மூட்டய நான் ரெண்டாப் பிரிச்சித் தனித்தனியா தூக்கினு வந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குப் பொய் மேல் அவ்வளவு ஆத்திரம்.

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

அவர் குனிந்து மேசை விளிம்பில் நெற்றியை மோதினார். மறுபடி மோதினார். மூன்றாவது மோதலில்தான் ஏட்டு ஓடிவந்து பிடித்தார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.