ஒரு முழ வெளிச்சம்

என் அக்கா புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் "டார்ச் அடிக்கிறார்" என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போதே உதடு லேசாகப் பிதுங்கும். கல்யாணப் பேச்சு வந்த சமயத்தில் நானும் பிதுக்கியவள்தான், பொய் சொல்வானேன். சினிமா தியேட்டரில் படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவதுதான் அத்தானுக்கு வேலை. முப்பத்தொரு வருஷமாக அதே தியேட்டர். எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் அவர் பார்த்தது கிடையாது. "கொலை பண்ணினது யாருன்னு சொல்லிடுவேன், செத்தது யாருன்னுதான் தெரியாது" என்பார்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். வெளிச்சத்தைக் காலுக்கு அடிக்கலாம், முகத்துக்கு அடிக்கக்கூடாது. யார் யாரோடு வந்திருக்கிறார்கள், யார் உட்கார்ந்து அழுகிறார்கள் என்பதெல்லாம் அவரவர் பாடு. "கால் வைக்கிற இடம் தெரிஞ்சா போதும், மூஞ்சி நமக்கெதுக்கு?" என்று சொல்வார். இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

அக்காவுக்கு நாற்பது வயதில் காது மந்தமாக ஆரம்பித்து, ஐந்தாறு வருஷத்தில் அடியோடு போய்விட்டது. மிஷின் வாங்கி மாட்டினோம். "ஒரே இரைச்சலா இருக்கு, பேச்சு மட்டும் கேக்கல" என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். அப்புறம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். நான் பேசினால் பாதிதான் பிடிபடும். "உன் வாய் என்ன வாயா, மாவு மில்லா?" என்று திட்டுவாள். அத்தான் பேசினால் அநேகமாக எல்லாம் புரியும். புரியட்டும் என்பதற்காகவே மனுஷன் மீசையை எடுத்துவிட்டார். அந்த மீசையைக் கண்ணாடி முன்னால் நின்று கால்மணி நேரம் சீவுகிறவர். மழித்துக்கொண்டு வந்து நின்ற அன்றைக்குத்தான் நான் அவரை மனசார அத்தான் என்று கூப்பிட்டேன்.

போன மழைக்காலத்தில், அத்தானுக்கு ஷோ இல்லாத ஒரு நாள், சாயங்காலம் ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. நான் அதே வீட்டில் மாடியில் குடியிருக்கிறேன். கீழே அக்கா வீறிட்டுக் கத்தியது கேட்டு, திருடன்தான் என்று முடிவு கட்டி, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். திருடனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அத்தான் சோபாவில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவளுக்கு எப்படிக் கேட்கும்? கடைசியில் தோளைத் தொட்டிருக்கிறார். அவள் பதறிப்போய்விட்டாள். நான் தீக்குச்சி கிழித்ததும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள்.

"நீங்க இருக்கீங்களா போயிட்டீங்களான்னே தெரியலங்க. எல்லாரும் ஒண்ணா செத்துப்போன மாதிரி இருந்துச்சு."

கரண்ட் போனால் நமக்கு விளக்கு போகிறது. அவளுக்கு மனுஷர்களே போய்விடுகிறார்கள் என்பது அதுவரை என் மரமண்டையில் ஏறவில்லை.

இத்தனைக்கும் அந்த வீட்டில் ஏழு டார்ச் இருந்தது. ஒன்றில் ஸ்பிரிங் இல்லை, ஒன்றில் செல் ஒழுகி உள்ளே பச்சை பிடித்திருந்தது, ஒன்று தட்டினால் எரியும், இன்னொன்று தட்டினாலும் எரியாது. மீதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு டார்ச் வேண்டும். ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்கிற கதைதான். மறுநாள் அத்தான் ஏழையும் மூட்டை கட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு போதும். ஏழு இருந்தா எதையும் கவனிக்க மாட்டோம்."

"போன்லயே டார்ச் இருக்கே அத்தான்?"

"போன் ஆபத்துக்குன்னு காத்துக்கிட்டு இருக்குமா? நீ பேசியே அதைத் தீர்த்துடுவியே."

அவருக்கு லீவு கிடைத்த நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு எலெக்ட்ரிகல் கடைக்குப் போனார். கடைக்காரர் முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது ஒரு கிலோமீட்டர் அடிக்கும்ணே."

"எனக்கு ஒரு முழம் அடிச்சா போதும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அத்தான் டார்ச்சைத் தன் முகத்துக்கே திருப்பி அடித்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினார். முப்பத்தொரு வருஷம் யார் முகத்திலும் வெளிச்சம் அடிக்காத மனுஷன்! பிறகு என்னைக் கடையின் பின்னால் சரக்கு அறைக்குள் தள்ளி, விளக்கை அணைத்து, காதில் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னார். வாயை மட்டும் அசைப்பார், நான் கண்டுபிடிக்க வேண்டுமாம். தாடைக்குக் கீழே பிடித்தால் பேய் மாதிரி இருந்தார். நேராகப் பிடித்தால் கண் கூசி வாய் கோணியது. பக்கவாட்டில் பிடித்தால் பாதி வாய்தான் தெரிந்தது.

"என்னண்ணே, பேய்ப் படத்துல சான்ஸ் கிடைச்சிருக்கா?" என்றார் கடைக்காரர்.

அத்தான் அசரவில்லை. சார்ஜ் போடுவது வேண்டாம், கரண்ட் இல்லாதபோது சார்ஜுக்கு எங்கே போவது என்றார். மூன்று தடவை அமுக்கினால் மினுக்குவது வேண்டாம், பதற்றத்தில் எத்தனை தடவை அமுக்கினோம் என்று யார் எண்ணுவது என்றார். உருண்டையானது வேண்டாம், மேஜையிலிருந்து உருண்டு ஓடிவிடும். ஒன்றைக் கையை விட்டுத் தரையில் போட்டே பார்த்தார். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். கடைசியில், தட்டையான அடியும் பால்நிற மூடியும் உள்ள ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். கீழே வைத்தால் நின்றுகொள்ளும், வெளிச்சம் கண்ணைக் குத்தாது. பெட்டிக்கடையில் கிடைக்கிற செல் இரண்டு போட்டால் போதும்.

வீட்டுக்கு வந்து ஜன்னலையெல்லாம் சாத்தி, அக்காவை உட்கார வைத்து, தன் முகத்துக்கு நேராக ஒரு முழம் தள்ளி டார்ச்சை நிறுத்தினார். வாயை அசைத்தார்.

"என்ன சொல்றீங்க? வாயைத் திறந்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க" என்றாள் அக்கா.

வெளிச்சம் போதவில்லை என்று கடைக்குத் திரும்ப ஓடி மாற்றிக்கொண்டு வந்தார். மறுபடியும் அதே கதை. அப்புறம் மூடி சரியில்லை என்று இன்னொரு தடவை மாற்றினார். மூன்றாவது தடவை அவர் செருப்பை மாட்டும்போது அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்படி என்னதாங்க சொல்றீங்க? மெதுவா சொல்லுங்க."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் அத்தான், ஒவ்வொரு எழுத்தாக.

அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். டார்ச் என்னங்க பண்ணும்? நீங்க சொல்றதுல ஒரு இடத்துலயாவது உதடு ஒட்டுதா? எல்லாம் வாய்க்குள்ளேயே நடக்குது, எனக்கு எப்படித் தெரியும்?"

நான் கண்ணாடி முன்னால் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். எத்தனை வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்லிக்கொண்டு இருந்தாரோ, பாவம், அது போய்ச் சேரவே இல்லை.

"பயப்படாதம்மா, பக்கத்துல இருக்கேன்னு சொல்லுங்க. இருட்டா இருந்தாலும் பிடிச்சிடுவேன்" என்றாள்.

சொன்னார். உதடு நாலு இடத்தில் ஒட்டியது. அக்கா தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அன்றைக்கு ஹால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தார். அந்த டார்ச்சுக்கு அதுதான் இடம். மாசம் பிறந்தால் புது செல். கடந்துபோகும்போதெல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். ஒரு தடவை கட்டிலுக்கடியில் என் தோடு விழுந்துவிட்டது, தேட அதை எடுத்தேன். "அது ஆபத்துக்கு. தோட்டை விடிஞ்சதும் தேடு மச்சினி" என்று பிடுங்கி மாட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்த வருஷம் மழை வந்தது. கரண்ட் காலையில் போய், சாயங்காலம் வந்து, மறுபடி போனது. அது மறுபடி போன நேரத்தில், பின்னறையில் சாரல் அடிக்கிறதென்று அத்தான் ஸ்டூல் மேல் ஏறி மேல் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கால் வைக்கிற இடத்தைக் காட்டினவர், இருட்டில் தன் கால் வைக்கிற இடத்தைத் தவறவிட்டார்.

"ஐயோ" என்ற சத்தம் மாடியில் எனக்குக் கேட்டது. என் போன் மத்தியானமே செத்துக் கிடந்தது. சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் எனக்கு ஒரே நினைப்பு, அவர் எவ்வளவு கத்தினாலும் அக்காவுக்குக் கேட்காதே, அவள் எங்கே நின்று தவிக்கிறாளோ.

ஆனால் அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். அவர் விழுந்தபோது தரை அதிர்ந்தது அவளுக்குக் காலில் தெரிந்திருக்கிறது. இருட்டில் கை நேராக அந்த ஆணிக்குப் போயிருக்கிறது.

நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அத்தான் ஒரு காலை மடக்க முடியாமல் தரையில் கிடந்தார். அக்கா பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். டார்ச் தரையில் நின்றிருந்தது. அதன் வெளிச்சம் அவர் மேல் இல்லை. அக்கா தலையைத் தாழ்த்தித் தன் முகத்தைத்தான் அதற்கு நேராக வைத்திருந்தாள். சத்தமே இல்லாமல் வாய் மட்டும் மெதுவாக அசைந்தது.

பயப்படாதீங்க. பக்கத்துல இருக்கேன்.

அவர் காது நன்றாகத்தானே இருக்கிறது, வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அந்த வீட்டில் அந்த வார்த்தையை அப்படித்தான் சொல்வார்கள்.

அத்தான் கையை நீட்டி டார்ச்சைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார். இரண்டு முகமும் வெளிச்சத்துக்குள் வந்தன.

"வலிக்குதாங்க?"

"இல்லம்மா."

"பொய். எல்லாம் தெரியுது."

அப்போதுதான் அக்கா நிமிர்ந்து என் நிழலைக் கண்டாள். "தெருமுனையில கார் டிரைவர் இருப்பாரு, ஓடிப்போய்க் கூட்டிட்டு வா. வெளியே இருட்டு, டார்ச்சை எடுத்துக்கோ" என்று தூக்கி நீட்டினாள். தூக்கியதும் அவர் முகம் இருட்டுக்குள் போய்விட்டது.

நான் குனிந்து, அவள் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே நிறுத்தினேன். என் முகத்தையும் அந்த வெளிச்சத்துக்குள் நுழைத்து, ஜென்மத்தில் முதல் தடவையாக நிதானமாகப் பேசினேன்.

"இது இங்கேயே இருக்கட்டும்க்கா. நீங்க பேசிக்கிட்டு இருங்க."

பிறகு சுவரைத் தடவிக்கொண்டே தெருவுக்கு இறங்கினேன்.