ஒரே மூச்சில் எடுக்க வேண்டிய படம்

இசைக் கல்லூரியின் நிபந்தனையில் குழப்பம் எதுவும் இல்லை. நுழைவுத் தேர்வுக்கு அனுப்பும் வீடியோவில் வெட்டு, ஒட்டு இருக்கக் கூடாது. முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். கொடுத்த பாடங்களை இடையில் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். அனுப்ப அன்று மாலைதான் கடைசி.

வாசிக்க இருந்தவள், மலைமேல் லவ்டேலில் முன்பு என் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவரின் மகள். அவர் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறார். வீட்டில் பியானோ கிடையாது. சர்ச்சில் இருந்த சபையின் பியானோவில்தான் அவள் படித்தாள். மாலையில் பாடகர் குழு பயிற்சிக்கு வரும்வரை கோயிலை எங்களுக்கு விட்டிருந்தார்கள்.

பத்திரிகை வேலையை விட்ட பிறகு வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. என் கேமரா பழையது. அரை மணி ஆவதற்குள் தானாக நின்றுவிடும். பாடங்களோ அதைவிட நீளம். அதனால் கேமராவின் மேல் ஒரு மானிட்டர் ரெக்கார்டரைப் பொருத்தியிருக்கிறேன். கையகலத் திரை, கேபிள் வழியே வரும் படத்தையும் ஒலியையும் அதுவே பதிந்துகொள்ளும். கேபிளைச் செருகும் சாக்கெட் கொஞ்சம் தொளதொளப்பு என்பதால், செருகிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றிவிடுவது வழக்கம். போனிலேயே எடுத்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தோம். பியானோவின் தாழ்ந்த சுரங்கள் தகரத்தைத் தட்டியதுபோல் கேட்டன.

மதியம் தொடங்கினோம். இரண்டாவது பாடத்தின் நடுவில் திரை கறுத்தது. கேபிளை அழுத்தினேன், படம் வந்தது, போனது. அவளை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். அவள் அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் எதையும் கவனிக்காமல் கடைசிவரை வாசித்தாள். எனக்கு இசை தெரியாது. ஆனால் திருத்த ஒன்றுமில்லாத ஒரு பக்கத்தைப் படித்தால் தெரியும் அல்லவா, அப்படி இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவள் பியானோவின் மூடியை மெல்லச் சாத்தினாள்.

"சத்தமாவது இருக்குங்களா, அங்கிள்?"

படம் நின்ற இடத்திலேயே ஒலியும் நின்றிருந்தது.

வேறு கேபிள் போட்டேன். அதே கோளாறு. கேமராவைச் சபையின் டிவியோடு இணைத்தால் படம் விடாமல் வந்தது. ஆக, ரெக்கார்டரின் சாக்கெட்தான். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு குரல் மிகுந்த மரியாதையோடு கேட்டது. பார்த்தேன் என்றதும், கூரியரில் அனுப்பச் சொன்னது.

டார்ச் அடித்துச் சாக்கெட்டுக்குள் பார்த்தேன். மெல்லிய உலோகத் தகடுகளின் மேல் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்தேன். யூகலிப்டஸ் தைலம்.

முந்தைய நாளே கேமரா பையை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை.

"டேப் பசை பிசுபிசுன்னு இருந்துச்சுங்க. தைலம் போட்டுத் தொடச்சு வச்சேன். சுத்தமாப் போயிருச்சுங்களே?"

போகவில்லை. கரைந்து உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. இந்த மலையில் சளிக்குத் தைலம், முட்டி வலிக்குத் தைலம், எறும்புக்குத் தைலம், சட்டைக் கறைக்கும் தைலம். வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் இருக்கிறது. கையும் தானாக அதை நோக்கிப் போகிறது.

"ரேடியோவுக்குப் போட்டீங்க. குக்கர் கைப்பிடிக்குப் போட்டீங்க" என்றாள் மகள். "இன்னும் பியானோதான் பாக்கிங்கப்பா."

அவர் சிரிக்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனார். செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து ஸ்பிரிட் வாங்கி வந்தார். பேட்டரியைக் கழற்றினேன். ஒரு பல் துலக்கும் பிரஷின் மயிரை ஒட்ட நறுக்கி, ஸ்பிரிட்டில் தொட்டு, தகடு தகடாகத் தேய்த்தேன். அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஊதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விசிறட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வாசல் வழியே மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னேன். அதனாலாவது அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. நன்றாகக் காய்ந்த பிறகு கேபிளைச் செருகி, டேப்புக்குப் பதில் அதைக் கயிற்றால் ஸ்டாண்டில் இழுத்துக் கட்டினேன்.

இந்த முறை படம் போகாமல் நிலைத்தது. மறுபடி வாசித்தாள். விரல்கள் குளிர்ந்திருந்தன, காத்திருந்த களைப்பும் தெரிந்தது. கடைசிப் பாடத்தில் இடது கை ஒரு சுரத்தைத் தவறவிட்டது. ஒரு கணம் தடுமாறிவிட்டுத் தொடர்ந்தாள். அதற்குள் பாடகர் குழு வெளியே படியில் குடைகளை உதறிக்கொண்டிருந்தது. கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை அவர்களைப் பேசவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார். இன்னொரு முறைக்கு நேரமில்லை.

அவள் ஹெட்போன் மாட்டி முழுவதையும் கேட்டாள்.

"மொதல்ல வாசிச்சதுதாம்மா நல்லாருந்துச்சு" என்றார் அப்பா.

"அத நாம மட்டுந்தான் கேட்டோம்ப்பா. இத அனுப்பிருங்க, அங்கிள்."

அனுப்பினேன். அவள் உள்ளே பாடகர் குழுவுக்கு நாற்காலி போடப் போனாள். அவர் என்னோடு கேட் வரை வந்து, மார்க் போடுகிறவர்கள் அந்த ஒரு சுரத்தைக் கவனிப்பார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

கவனிப்பார்கள் என்றேன்.