இலவசமாய்க் கிடைத்த வெப்சைட்

திரைச்சீலைக் கடைக்காரி பதினெட்டு வருஷமாக அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை அளந்து, துணி வெட்டி, தைத்து, ஏணியில் ஏறித் தானே மாட்டிவிட்டு வருகிறவள். அளவெடுக்கப் போவதற்குத் தனியாகக் காசு வாங்குவாள். "டேப்பை நீட்டிப் பிடிக்கறதுக்கெல்லாமா காசு?" என்று யாராவது இழுத்தால், "அப்ப நீங்களே பிடிச்சுக்கோங்க" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளே, வெப்சைட் செய்து தரும் பெண்ணிடம் போய் உட்கார்ந்தபோது அதே வாடிக்கையாளர்களைப் போலத்தான் பேசினாள்.

"நாற்பதாயிரமா? படமெல்லாம் நான் தரேன், எழுத வேண்டியதையும் நானே சொல்றேன். அப்புறம் நீ என்னதாம்மா பண்ணப்போற?"

இதைத் தினமும் கேட்கிறவள் போல அந்தப் பெண் தாளில் எழுதிக் காட்டினாள். வடிவமைப்புக்கு ஒரே தடவை முப்பதாயிரம். இணைய முகவரிக்கு வருஷத்துக்கு ஆயிரம், வெப்சைட் தங்கும் இடத்துக்கு வாடகை மாதிரி நாலாயிரம். பழுது பார்க்க ஐயாயிரம். "பத்தாயிரத்துக்குச் செய்யறவங்களும் இருக்காங்கக்கா, லட்சம் கேக்கறவங்களும் இருக்காங்க. உங்க கடைக்கு இது போதும். ஆனா யார்கிட்ட செஞ்சாலும் முகவரியை உங்க பேர்ல பதிஞ்சுக்கோங்க."

கடைசியில் சொன்னது காதில் ஏறவில்லை. மனசு நாற்பதாயிரத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

வீட்டில் கொழுந்தன் சிரித்தான். கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறவன். "அண்ணி, உங்க மூஞ்சியில இளிச்சவாய்னு எழுதியிருக்கா? நான் எதுக்கு இருக்கேன்?"

"உனக்கு என்ன தரணும், சொல்லு."

"அண்ணிகிட்ட காசு வாங்கிட்டு நான் எங்க போய் முகத்தைக் காட்டறது?"

நாலு நாளில் முடித்துக் கொடுத்தான். நன்றாகவே இருந்தது. அவனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள். முகவரியைப் பெயர்ப்பலகையில் எழுதினாள், பைகளில் அச்சடித்தாள். ஒரே வருஷத்தில் பாதி ஆர்டர் அதன் வழியாகத்தான் வந்தது.

அப்புறம் ஒருநாள் சாப்பிட வந்தவன், தன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டான். "கடையை வச்சு ஜாமீனா? மாட்டேன்" என்றாள். தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவன், பிறகு வருவதையே நிறுத்திவிட்டான்.

கொஞ்ச நாளில் போனும் அடிப்பதை நிறுத்தியது. வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பழைய வாடிக்கையாளரான பல் டாக்டர் கடைக்குள் வந்து சத்தம் போடும் வரை.

"என்னம்மா, போன வாரம் உங்க ஆள் மாட்டின திரை தரையிலேருந்து ஒரு ஜாண் மேல நிக்குது!"

"நான் ஆளே அனுப்பலையே டாக்டர்?"

அவர் போனை நீட்டினார். அவளுடைய கடைப் பெயர், அவள் தைத்த திரைகளின் படங்கள். கீழே இருந்த நம்பர் மட்டும் வேறு. மார்க்கெட்டின் அந்தக் கோடியில் புதிதாகத் திறந்த திரைச்சீலைக் கடையின் நம்பர். அதில் கொழுந்தனும் ஒரு கூட்டாளி.

நேராக அங்கே போனாள்.

"வாங்க அண்ணி, டீ சொல்லட்டுமா?"

"என் நம்பரைத் திருப்பிப் போடு."

"நான் செஞ்சது, என் பேர்ல பதிஞ்சது. ஒரு பைசா குடுத்தீங்களா? ஒரு சட்டை குடுத்தீங்க, அதுவும் சாயம் போயிடுச்சு. வேணும்னா ஒன்றரை லட்சம் குடுத்து எடுத்துக்கோங்க. வெளியாளா இருந்தா ரெண்டு கேட்டிருப்பேன்."

வீட்டில் கணவர் சொன்னார்: "சின்னப் பையன், ஏதோ கோபம். அம்மா காதுக்குப் போனா வருத்தப்படுவாங்க. விடேன்."

"சின்னப் பையனுக்கு முப்பத்தெட்டு வயசு" என்றாள்.

மறுநாள் அந்த வெப்சைட் பெண்ணிடமே போனாள். கணவரும் கூடவே வந்தார். இப்போது ஐம்பத்திரண்டாயிரம். அவள் பேரம் பேசவில்லை.

"பழைய முகவரியை மீட்க முடியாதாம்மா?"

"வழக்குப் போடலாம்க்கா. அந்தச் செலவுல இதையே மூணு தடவை செய்யலாம்." படிவத்தைத் தள்ளினாள். "உங்க பேர்ல பதியறேன். அவசரத்துக்கு இன்னொருத்தர் பேரும் சேர்க்கலாம். சேர்க்கட்டுமா?"

கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வேண்டாம்மா. நான் ஒருத்தி போதும்."

அவர் பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.