வால் உயர்ந்த விமானமும் தம்பிதுரையும்

தம்பிதுரை ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக் குடும்பத்தில் பிறந்தவர். தோப்பை அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் கோவை பீளமேட்டில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் விமானம் ஓட்டக் கற்று, பிறகு அங்கேயே பயிற்சியாளர் ஆனார். குரல் உயராத மனிதர். பயிற்சிக்கு வரும் பொடியன்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார்.

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து ஓடுபாதையைப் புரட்டும். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு இறங்குவார். சக்கரம் தரை தொடும் முன் திராட்டில் என்ற விசைப்பிடியை லேசாக ஒரு தட்டுத் தட்டி எஞ்சினுக்கு வேகம் கொடுப்பார். புரொப்பெல்லர் காற்று பின்னால் போய் வாலில் மோதும், மூக்கு நிமிர்ந்து நிற்கும். இறக்கைக்கு அடியிலுள்ள சக்கரங்கள் மெதுவாக அமரும். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் இறக்கினார்கள்.

1994 ஏப்ரலில் கிளப் பழைய விமானத்தை விற்றுவிட்டு வேறொன்று வாங்கியது. அதே ஒற்றை எஞ்சின், அதே இரண்டு இருக்கை. வால்தான் வேறு. நிமிர்ந்து நிற்கும் வாலின் உச்சியில் குறுக்கு வால் படுத்திருந்தது, ஆங்கில 'டி' எழுத்தைப் போல. புரொப்பெல்லர் காற்று அதற்குக் கீழேயே போய்விடும். திராட்டிலைத் தட்டினால் அந்த வாலுக்குத் தெரியாது. விமானம் போகும் வேகம் மட்டுமே அதற்குப் பிடிமானம். கிளம்பும்போது மூக்கைத் தூக்கும் கைப்பிடியை இழுத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. வேகம் சேர்ந்ததும் மூக்கு சட்டென்று எகிறும். இறங்கும்போது வேகம் குறைந்துபோனால் மூக்கு முன்னறிவிப்பில்லாமல் விழும்.

இதையெல்லாம் தம்பிதுரை படித்திருந்தார். ஆனால் ஜூன் காற்றில் இறங்கியபோது கை பழைய வேலையைச் செய்தது. மூக்குச் சக்கரம் தரையில் குத்தி, அதன் தண்டு வளைந்தது.

கிளப் செயலாளர் ரங்கராஜ் பஞ்சாலைக்காரர். வளைந்த தண்டைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க தம்பிதுரை, ரன்வேயில உழவு ஓட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது?"

"கை பழகிப்போச்சுங்க."

"உங்க கை பழகினா பசங்க கையும் அப்படித்தானுங்க பழகும். பரிசோதகர் வந்து சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் தனியாவே ஓட்டிப் பாருங்க. அவரு இல்லீன்னு சொன்னா, வேற ஆளைத்தான் பாக்கோணும்."

கிளப்பில் வேறு விமானம் இல்லை. நாற்பத்தேழு வயதுக்காரருக்கு வேறு தொழிலும் தெரியாது.

தண்டு சரியானதும் தினமும் காலையில் தனியாகப் பறந்தார். வேகத்தை விடாமல் வந்து, திராட்டிலை மூடிவிட்டு, கைப்பிடியைச் சீராக இழுத்துப் பழகினார். வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கை வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. "சோத்துக் கையை மட்டும் விட்டுவெச்சிருங்க, சாப்பிடோணும்" என்றார் மனைவி சென்னியம்மாள்.

ஆடிப்பெருக்கு கழிந்து பரிசோதகர் வந்தார். விமானப்படையில் ஓய்வு பெற்று சூலூரில் குடியிருந்த ஞானாபரணம், அறுபதைத் தாண்டியவர். தம்பிதுரை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று முறை இறக்கினார். மூன்றும் சுத்தம்.

"உங்க கை சரியாயிருச்சு. இப்ப நான் உங்க மாணவன். நீங்க முன்னால சொல்லிக்குடுத்த மாதிரி இறக்கப்போறேன். காப்பாத்துங்க" என்றார் ஞானாபரணம்.

மேலே ஏறிச் சுற்றி வந்து, வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தபடி இறங்கினார். வேக முள் சரிந்தது.

"சார், வேகம் கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கிட்டீங்கன்னா..."

தம்பிதுரை முடிப்பதற்குள் ஞானாபரணமே முழு விசை கொடுத்து விமானத்தை மேலே ஏற்றினார்.

"நீங்க மரியாதையை முடிக்கறதுக்குள்ள மூக்குச் சக்கரம் முறிஞ்சிருக்கும். பழைய விமானத்துல கடைசி நேரத்துல திராட்டிலைத் தட்டிச் சமாளிச்சிருப்பீங்க. அதனால பேச நேரம் இருந்துச்சு. இதுல இல்ல. இன்னும் ஒரு தரம், அவ்வளவுதான்."

ஞானாபரணம் மறுபடியும் சுற்றி வந்து இறங்கினார்.

இந்த முறை ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடந்ததுமே எதிர்க்காற்று தளர்ந்தது. வேகம் குறைந்தது. ஞானாபரணத்தின் விரல்கள் திராட்டிலைத் தட்ட நகர்ந்தன.

"கையை எடுடா."

ஞானாபரணம் எடுத்துவிட்டார். தம்பிதுரை மூக்கைத் துளி தாழ்த்தி, முழு விசை கொடுத்து, வேகம் சேர்ந்த பிறகே மேலே ஏற்றினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து தானே இறக்கினார். எஞ்சினை அணைத்துவிட்டு ஞானாபரணத்தின் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கோங்க சார். பெரியவங்களைப் போய்..."

"என் மகன்கூட என்னை அப்படிப் பேசினதில்ல" என்றார் ஞானாபரணம், கதவைத் திறந்துகொண்டே. சிரிக்கவில்லை.

ரங்கராஜ் விமானக் கொட்டகை வாசலில் காத்திருந்தார். "என்னங்க சார், வேற ஆள் பாக்கோணுங்களா?"

"வேண்டாம். திங்கக்கிழமை பசங்களை ஏத்தச் சொல்லுங்க. பக்கத்துல இவர் இருந்தா போதும்."

தம்பிதுரைக்கு அது கேட்டது. திரும்பிப் பார்க்காமல், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு இறக்கையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். காற்று இன்னும் அடங்கவில்லை.