மேற்கே சாய்த்த தகடுகள்

2024 ஜூன் ஒன்பதாம் நாள், ஞாயிறு, மாலை ஐந்து மணி. சித்தூர் பேருந்து நிலையத்தில் நான் திருப்பதி வண்டிக்குக் காத்திருந்தேன். அருகில் நின்றவர் மாங்கூழ் ஆலையில் வேலை செய்பவர். மஞ்சள் ஏறிய விரல்களைப் புடவைத் தலைப்பில் ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்மாடியின் சோலார் தகடுகளைக் காட்டிச் சொன்னார்: “எல்லாம் தெக்கால பாத்துகினு கீது. என் வூட்டுது மேக்கால.”

“தெற்கே வெச்சாதானே கரண்ட் அதிகமா வரும்?”

“வெக்க வந்தவனும் அதான்மா சொன்னான். மேக்கால பெரிய வூடு கீது. அந்த வூட்டுக்காரரு மானியத்துலதான் எங்க நைனா கூலி. எம் பொண்ணு பரீட்சைக்குப் படிக்க ஒரு லைட்டுக்கு அவரு வூட்டுலேர்ந்து ஒயர் கேட்டேன். ‘உங்களுக்கெல்லாம் எதுக்குடி கரண்ட்டு’ன்னாரு. அன்னிக்கு மானியம்னா அவரு நெலம். இன்னிக்கு சர்க்கார் மானியம் எம் பேர்ல வந்துக்கீது. காலைல எட்டு மணிக்கு அவரு வராண்டாவுல காப்பியோட குந்துவாரு. வெயிலு என் தகட்டுல பட்டு நேரா அவரு கண்ணுல அடிக்கும்.”

“மானியம் போக மீதிக் கடனுக்கு, மிச்சமாகற கரண்ட் காசு போதுமா?”

“பத்தாது. அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமையும் மாங்கா சீவறேன்.”

“அவர் தட்டி கட்டிட்டா?”

“கட்டிட்டாரே. பட்டப்பகல்ல லைட்டு போட்டுகினு பேப்பர் படிக்கிறாரு.”

கங்காதர நெல்லூர் வண்டி வந்ததும் ஏறிவிட்டார். அவர் செய்தது நியாயமா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு திருப்பதி விடுதியின் மாடியேறி, வெயில் நன்றாக அடிக்கிறதா என்று பார்த்தேன்.