அத்தான் சுட்ட முறுக்கு

தம்போயில் இருக்கும் அக்கா வீட்டு அடுப்படியை நினைத்தால், சீனி டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசிதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. அதன் திரையில் எண்ணெய்த் துளிகள் தெறித்திருக்கும். துளிகளுக்குப் பின்னால் அத்தானின் முகம் இருக்கும். அக்கா ஒரு கையால் வடை தட்டிக்கொண்டே, மறு கையின் புறங்கையால் அந்த முகத்தைத் துடைத்துவிடுவாள்.

அத்தானுக்குச் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து, விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், பொழுது சாயும்போது திரும்பிவிடுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனாலோ என்னவோ, மாலைத் தேநீர்தான் அந்த வீட்டின் பெரிய விசேஷம். மசால் வடை, கறிபாப், வாழைப்பழப் பணியாரம் என்று ஏதாவது ஒன்று தினமும் சுடச்சுட வேண்டும். கடையில் வாங்கியதை அக்கா தட்டில் வைத்து நான் பார்த்ததில்லை. “வெயில்லயும் ஜேம்லயும் நின்னு வர்ற மனுஷனுக்கு ஆறிப்போனதையா கொடுக்கிறது?” என்பாள். உலு திராமிலிருந்து நான் போகும் நாள்களில் எனக்கு இரண்டாவது ஈடுதான். முதல் ஈடு அவருக்கு.

நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லையை மூடினார்கள். இரண்டு வாரம்தானே என்று நாலு சட்டையோடு அத்தான் அங்கேயே தங்கினார். இரண்டு வாரம் மாதங்களாக நீண்டது. வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது, வேலை போய்விடும். அப்போதுதான் கைப்பேசி அடுப்படிக்கு வந்தது. அவர் அந்தப் பக்கம் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி இவள் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுட்டதெல்லாம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு, எங்கள் மக்சிக்குப் போகும். எனக்கும் கொஞ்சம் வரும்.

“சாப்பிட ஆளில்லாம எதுக்குக்கா தினமும் சுடுறே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சும்மா உட்கார்ந்து பேசினா ரெண்டு பேருக்கும் அழுகை வந்துருது லா. கையில வேலை இருந்தா பேசிறலாம்” என்றாள்.

அந்த வருடத் தீபாவளிக்கு அக்கா முறுக்கு சுட்ட மதியம் நானும் இருந்தேன். “இப்ப எடுக்கலாமா?” என்று அத்தான் திரையிலிருந்து அவசரப்படுத்தினார். “பொறுங்க. சலசலப்பு அடங்கணும். கேளுங்க” என்று அக்கா கைப்பேசியை எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் பிடித்தாள். அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

மறு வருடம் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து என்னை அழைத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. “உளுந்து ஊறப்போட்டிருந்தேன்டி. எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சிரு, புளிச்சிரும்.” நான் சரி என்றேன். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்த உளுந்தைப் பற்றித்தான்.

அவளை மருத்துவமனையில் சேர்த்த செய்தி கேட்டதும் அத்தான் வேலையை விட்டுவிட்டு அனுமதிக்கு எழுதிப்போட்டார். அனுமதி கிடைத்துப் பாலத்தைத் தாண்டியும் வந்துவிட்டார். ஆனால் வருகிறவர்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் ஒரு ஹோட்டல் அறையில் அவரை வைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து இருவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். நடுவில் சில சாலைகள்தான். சன்னலில் நின்றபடி, “ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்மா?” என்று கைப்பேசியில் என்னிடம் கேட்டார். நான் சொன்ன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அந்த அறையை விட்டு வெளியே வருமுன் அக்கா போய்விட்டாள்.

சுடுகாட்டில் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஹோட்டல் அறையிலிருந்து அத்தான் பார்க்கட்டும் என்று நான் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தேன். சத்தமே வராததால் தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்துத் திருப்பிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. தேநீர் வேளையில் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

துக்க வீட்டில் ஒரு வருடம் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அது கழிந்து வந்த தீபாவளிக்கு முதல் நாள், அக்காவுக்குப் படைக்க வேண்டும் என்று அத்தான் கூப்பிட்டார். ஆண்பிள்ளை தனியாக என்ன செய்வார் என்று கடையில் முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன். அவர் அடுப்பின் முன் நின்று பிழிந்துகொண்டிருந்தார். சட்டிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். “அடங்கிருச்சு” என்று தமக்குத்தாமே சொல்லி அரித்தெடுத்தார். அக்கா சுடும் அதே நிறம். நான் வாங்கிப் போனதைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

“யார் சொல்லிக் கொடுத்தா அத்தான்?”

“அத்தனை நாள் பார்த்துக்கிட்டுதானேம்மா இருந்தேன்.”

படைத்துக் கும்பிட்ட பிறகு, ஒரு முறுக்கை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கினார், சாப்பிடவில்லை. “போன்ல எல்லாம் தெரிஞ்சுச்சும்மா. மாவு, சத்தம், நிறம் எல்லாம். வாசனை மட்டும் வராது. இன்னிக்கு முத ஈடு போட்டதும் வந்துச்சு. உங்க அக்காதான் பின்னால நிக்கிறான்னு திரும்பிப் பார்த்துட்டேன்.”



இந்தத் தீபாவளிக்கும் அவர்தான் சுட்டார். சின்ன அடுப்படி, முறுக்கு வாசனையோடு புகையும் மண்டிக் கண் எரிந்தது. சன்னலைத் திறக்கப் போனேன்.

“வேணாம்மா, இருக்கட்டும்” என்றார்.